காம்பஸ் பாக்டீரியாவும் நாம விடும் கதையும்

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருந்த விஷயம், இன்னைக்குக் கொட்டிடறேன். யாரையும் தனிப்பட்ட முறையில் குத்துவதற்காக எழுதவில்லை. குத்து விழ வேண்டிய முதல் ஆள் நானேதான் என்பதால் யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வந்தாலும் சரி, டீ வாங்கித் தருகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் காந்த பாக்டீரியா பற்றி இங்கே ஒரு பதிவு போட்டேன். 'உடம்புக்குள் காம்பஸ் வைத்திருக்கும் உயிர்' என்று தலைப்பு. 'அருமை, இயற்கையை மிஞ்சின இன்ஜினியர் உண்டா' என்று நாலு பேர் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போச்சு. அப்புறம் இதே விஷயத்தைத் தமிழில் வேறு யார் யார் எழுதியிருக்காங்கன்னு தேடிப் படிச்சேன். நான் பார்த்த வரைக்கும் எல்லாம் ஒரே கதை. ஒரே வரிசை. கடைசியில் ஒரே 'இயற்கையின் அதிசயம்'. சிலது என் பதிவிலிருந்தே சுட்டதோ என்று சந்தேகம் வந்தது. அப்புறம்தான் புரிஞ்சது, நானே வேறொரு இடத்துலேர்ந்து எடுத்த கதைதான் அது.

இப்ப சொல்றேன், அந்தக் கதை பாதிதான். மீதிப் பாதியில் வெயில் இருக்கு, விஷம் இருக்கு, சாவு இருக்கு. அதை நாம எல்லாரும் சேர்ந்து கத்தரிச்சுட்டு, குழந்தைகளுக்குச் சொல்ற மாதிரி திசைகாட்டியை மட்டும் கையில வச்சுக்கிட்டோம்.

முதல்ல அந்தப் பழைய கதையைச் சுருக்கமா சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுட்ஸ் ஹோல் என்று ஒரு கடலோர ஊர். ரிச்சர்ட் பிளேக்மோர் என்கிற ஆராய்ச்சி மாணவர் அந்தப் பக்கத்துச் சேற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். சொட்டுத் தண்ணீரில் ஒரு கூட்டம் மட்டும் ஒரே பக்கமா ஓடுது. வெளிச்சம் காரணமோ என்று பார்த்தார். மைக்ராஸ்கோப்பையே திருப்பிப் பார்த்தார், இடம் மாற்றிப் பார்த்தார். அதே திசை. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போனார், கூட்டம் மொத்தமும் திசை மாறிடுச்சு. 1975இல் சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது.

இந்த பாக்டீரியாக்களின் உடம்புக்குள்ளே குட்டிக் குட்டியா காந்தப் படிகங்கள், கோர்த்த மணி மாதிரி வரிசையா நிற்கும். ஒவ்வொன்றும் சுமார் 35 முதல் 120 நானோமீட்டர். பெரும்பாலும் மேக்னடைட், அதாவது இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. சிலதில் கிரெய்கைட், அது இரும்பும் கந்தகமும். ஒவ்வொரு படிகத்தையும் ஒரு மெல்லிய சவ்வு பை மாதிரி மூடியிருக்கும். சவ்வோடு சேர்த்து அதற்குப் பெயர் மேக்னடோசோம்.

எதுக்கு இது? இங்கேதான் கதை. இந்த பாக்டீரியாவுக்கு நிறைய ஆக்ஸிஜன் ஆகாது, சுத்தமா இல்லாட்டியும் பலதுக்கு ஆகாது. ரெண்டுக்கும் நடுவில், சேற்றின் மேல்பகுதியிலோ தேங்கின தண்ணீரின் அடியிலோ ஒரு மெல்லிய அடுக்கில்தான் வாசம். வட அரைக்கோளத்தில் பூமியின் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கிக் கீழே சாய்கின்றன. அதனால வடக்கே நீந்தினா தானா கீழே, சேற்றுக்குப் போகும். தெற்கு அரைக்கோளத்தில் தெற்கே நீந்தணும். நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் போய்ப் பார்த்தார்கள், நிஜமாவே தெற்கு நோக்கி நீந்துகிற வகை இருந்தது. 1980இல் அந்தக் கட்டுரை வந்தது. எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க! நானும் அப்படித்தான் கைதட்டினேன்.

என் அக்கா பையன் பத்தாவது படிக்கும்போது அந்தப் பதிவைப் படிச்சுட்டு போன் பண்ணினான். அவங்க வீடு திருநெல்வேலிப் பக்கம்.

"மாமா, எங்க ஊர்ல காந்தக் கோடு சாயாதே. கிடையாத்தானே போகும்?"

"ஆமாடா, காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம்."

"அப்ப எங்க ஊர் பாக்டீரியாவுக்குக் கீழே எது, மேலே எதுன்னு காம்பஸ் எப்படிச் சொல்லும்?"

நான் ஏதோ ஜல்லியடிச்சேன். "ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்குடா"ன்னு முடிச்சேன். விஷயம் தெரியாத பெரியவங்க எல்லாரும் சொல்ற பதில் அது.

பையன் கேட்டது வெட்டிக் கேள்வி இல்லை. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததே காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது என்பதற்காகத்தான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதுதான் காரணம். அங்கே தராசு முள் மாதிரி ஒரு காந்த ஊசியைத் தொங்க விட்டால் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். வுட்ஸ் ஹோலில் அதே ஊசி தலையைக் கீழே குத்திக்கிட்டு நிற்கும். என் பதிவு வுட்ஸ் ஹோல்காரனுக்குச் சரி. எங்க அக்கா வீட்டுக் குளத்துக்கு?

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்கா தேடினேன். அந்தக் கேள்வியை 1981லேயே கேட்டு, பிரேசிலில் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபோர்டலேசா ஊருக்குப் போய்ப் பார்த்திருக்காங்க. அங்கே வடக்கு நோக்கிகளும் தெற்கு நோக்கிகளும் ஏறக்குறைய சரிபாதி. கிடையா நீந்தினா கீழே போக முடியாட்டியும், மேலே ஏறி ஆக்ஸிஜனில் மாட்டாம இருக்கலாமே என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். ஒத்துக்கலாம், தப்பில்லை. ஆனா 2006இல் ஒரு இடி விழுந்தது. வுட்ஸ் ஹோல் இருக்கிற அதே ஃபால்மவுத் ஊர் எல்லைக்குள்ளே சால்ட் பாண்ட் என்று ஒரு குட்டை. பிளேக்மோரின் சொந்தப் பேட்டை மாதிரி. அங்கேயே தெற்கு நோக்கி நீந்துகிற கூட்டம் கிடைச்சது. வட அரைக்கோளத்தில்! பாடப்புத்தகக் கணக்குப்படி அதெல்லாம் மேலே போய்ச் செத்திருக்கணும். சாகலை.

இன்னொன்று. ஜெர்மனியில் பவேரியாவின் கீம்சே ஏரியில் ஒரு வகை இருக்கு. ஒரு செல்லுக்குள்ளே 1000 படிகம் வரைக்கும் இருக்கலாம். பூமியின் காந்தப் புலத்தில் திசை திரும்பி நிற்க ஒரு பாக்டீரியாவுக்குப் பத்து இருபது படிகம் போதும். மீதி 980 எதுக்கு? காம்பஸ் வாங்கப் போனவன் கடையையே தூக்கிட்டு வந்த மாதிரி இல்ல? இரும்பைச் சேர்த்து உடம்புக்குள்ளே வைப்பது ஒரு உயிருக்குச் சும்மா வர்ற வேலை கிடையாது. செலவு பிடிக்கிற வேலை. அதுல இவ்வளவு ஊதாரித்தனம் என்றால் வேற ஏதோ வரவு இருக்கணும்.

இந்த இடத்தில்தான் புற ஊதாக் கதிர் உள்ளே வருது.

2013இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த குழு ஒன்று ஒரு சோதனை செய்து கட்டுரை போட்டார்கள். ஏஎம்பி-1 என்று ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிற ஒரு காந்த பாக்டீரியா. அதன் மேலே யூவி-பி கதிரைக் காட்டினார்கள். (புற ஊதாவில் மூணு வகை. 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ, 280 முதல் 315 வரை பி, அதற்கும் கீழே சி. நீளம் குறையக் குறையக் கொடூரம் கூடும். சியை ஓசோனும் காற்றும் மொத்தமா பிடிச்சுக்கும், பியில் பெரும்பகுதியை ஓசோன் பிடிக்கும், தப்பி வர்ற கொஞ்சம்தான் நம்ம தோலைக் கருக்குறது.) எதிர்பார்த்தபடியே பாக்டீரியாவுக்கு அடி. டி.என்.ஏ. ஏணியில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கிட்டுப் பழுதாகும், அந்தப் பழுது கூடிச்சு. ஆக்ஸிஜனின் வெறி பிடிச்ச வடிவங்கள், அதாவது கண்டதையெல்லாம் கடிச்சு வைக்கிற பெராக்சைடு வகையறா, அதுவும் செல்லுக்குள்ளே கூடிச்சு. வளர்ச்சி குன்றிப் போச்சு.

ஆனா குறைந்த அளவு கதிர் பட்ட கூட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. காந்தப் படிகங்கள் வழக்கத்தைவிடப் பெரிசா இருந்தன.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே நான் ஒரு பதிவு டைப் அடிச்சேன். 'புற ஊதாக் கதிரில் வலிமை பெறும் காந்த பாக்டீரியா!' ஆச்சரியக்குறி ஒண்ணு போதுமா மூணு போடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லவேளை கரண்ட் போச்சு. காலையில எழுந்து மறுபடி கட்டுரையைப் படிச்சப்பதான் என் தலைப்பு எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்னு உறைச்சது.

வலிமை எங்கேருந்து வந்தது? அடிபட்ட உயிர் அது. டி.என்.ஏ. கிழிஞ்சிருக்கு, வளர முடியலை. அந்த நிலைமையில் அது வெளியிலிருந்து கூடுதலா இரும்பை இழுத்திருக்கலாம், அதனால படிகம் பெருத்திருக்கலாம் என்பதுதான் ஆய்வு செஞ்சவங்களே சொல்ற ஊகம். காய்ச்சல் வந்து உடம்பு கொதிக்கும்போது 'ஆஹா, கதகதப்பு கூடிருச்சு, ஆரோக்கியம்'னு எழுதுவோமா? 'கதிர் பட்டால் காந்த சக்தி கூடும்' என்று ஒரு வரி போட்டா, அதை அடுத்தவன் 'வெயிலில் நின்றால் உடம்பில் காந்த சக்தி' என்று ஆக்குவான். அதுக்கு அடுத்தவன் காந்த வளையல் விற்பான். நான் மிகைப்படுத்தலை மக்கா, காந்தத் தண்ணீர் வித்த ஊர் இது.

சரி, அடிபட்டவன் ஏன் இரும்பை இழுக்கணும்? இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடிச்ச இடம். கொஞ்சம் நிதானமா போவோம்.

இரும்பு இல்லாம இந்த உயிருக்கு நடக்காது. ஆனா செல்லுக்குள்ளே இரும்பு சும்மா கரைஞ்சு கிடந்தா ஆபத்து. ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைஞ்ச இரும்பும் சந்திச்சா, அதுல பிறக்கிறது பெராக்சைடைவிடப் பல மடங்கு வெறி பிடிச்ச ஒண்ணு. டி.என்.ஏ., சவ்வு, புரதம் என்று எதையும் விட்டு வைக்காது. வேதியியல் படிச்சவங்களுக்கு ஃபென்டன் வினை என்றால் தெரியும். மண்ணெண்ணெய் டின்னும் வேணும், தீப்பெட்டியும் வேணும், ரெண்டும் ஒரே அலமாரியில இருக்கக் கூடாது, அவ்வளவுதான். புற ஊதாக் கதிர் பட்டா செல்லுக்குள்ளே தீக்குச்சி கூடுது. அப்ப மண்ணெண்ணெயை என்ன பண்றது? டின்னுல அடைச்சு மூடி வைக்கணும். கரைஞ்ச இரும்பைப் பிடிச்சுக் கெட்டியான படிகமாக்கி, சவ்வுப் பைக்குள்ளே பூட்டினா அதுதானே மேக்னடோசோம்?

இது என் கற்பனை இல்லை. எம்எஸ்ஆர்-1 என்று இன்னொரு காந்த பாக்டீரியா. அதை வைத்து 2012இல் வந்த ஒரு ஆய்வில், மேக்னடோசோம் உள்ள செல்லையும் அதை இழந்த செல்லையும் ஒப்பிட்டார்கள். இழந்ததற்குள்ளே அந்த வெறி பிடிச்ச ஆக்ஸிஜன் வகையறா அதிகம். படிகம் பூட்டி வைக்கிறதோட நிக்கலை, பெராக்சைடை உடைக்கிற நொதி மாதிரியே வேலையும் செய்யுது. மேக்னடைட்டின் நுண்துகள்களுக்கு அந்தக் குணம் உண்டு என்பதை 2007லேயே சோதனைக் குழாயில் காட்டிட்டாங்க. வெளிச்சம் இந்தத் துப்புரவு வேலைக்கு உதவுது என்று 2017இல் இன்னொரு கட்டுரை. ஆக, நாம 'காம்பஸ் முள்' என்று கொஞ்சின சாமான், செல்லுக்குள்ளே தீயணைப்பு வேலையும் பாக்குது.

இப்போ பழைய காலத்துக்குப் போவோம். அதே 2017இல் மரபணுக்களை ஒப்பிட்டு வந்த ஒரு ஆய்வு, இந்தப் படிகம் செய்யும் வித்தை தோன்றியது ஆர்க்கியன் காலத்தின் நடுவில், அதாவது சுமார் 300 கோடி வருஷத்துக்கு முன்னால் என்று சொல்லுது. அப்ப காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட கிடையாது. அது கூடினதே ஏறக்குறைய 240 கோடி வருஷத்துக்கு முன்னாலதான். ஆக்ஸிஜன் இல்லேன்னா ஓசோன் ஏது? ஓசோன் இல்லேன்னா புற ஊதாக் கதிரைத் தடுக்கக் கூரை ஏது? யூவி-பி மட்டும் இல்லை, இன்னைக்குத் தரையைத் தொடாத யூவி-சியில் ஒரு பகுதியும் நேரா தண்ணியில விழுந்த காலம் அது. அந்தத் தண்ணீர் முழுக்கக் கரைஞ்ச இரும்பு வேற. மண்ணெண்ணெய்க் குளத்துல தீக்குச்சி மழை.

அந்தக் காலத்து உயிருக்கு முதல் கவலை 'வடக்கு எது'ன்னு இருந்திருக்குமா, 'இன்னைக்குச் சாகாம இருக்கறது எப்படி'ன்னு இருந்திருக்குமா?

2020இல் வெய் லின், ஜோசப் கிர்ஷ்விங்க் உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து இந்த வாதத்தைத்தான் வைத்தார்கள். படிகம் முதலில் வந்தது இந்த விஷத்திலிருந்து தப்பிக்க. அது தற்செயலா காந்தமாவும் இருந்தது. வரிசையா கோர்த்த பிறகு அதைத் திசைக்கும் பயன்படுத்திக்கிட்டது. பழைய புடவையில் தூளி கட்டுற மாதிரி. தூளியைப் பாத்துட்டு, 'புடவை என்பது குழந்தையைத் தொங்கப் போடக் கண்டுபிடிக்கப்பட்ட சாதனம்' என்று ஒருத்தன் எழுதினா என்ன சொல்வீங்க? நானும் நீங்களும் இத்தனை நாள் எழுதினது அதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும், நானே கேட்டுக்கறேன். 'யோவ், இதுங்க சேத்துக்குள்ள இருக்கு. புற ஊதாக் கதிர் சேத்துல ஒரு இம்மி கூட இறங்காது. வெயிலுக்கும் இதுங்களுக்கும் என்ன சம்பந்தம்?' சரியான கேள்வி. இன்றைக்கு ஆழமான சேற்றில் இருப்பதற்கு யூவி-பி நேரடிப் பிரச்சினை இல்லைதான். ஆனா எல்லாமே ஆழத்தில் இல்லை. அதே மாசசூசெட்ஸில் லிட்டில் சிப்பிவிசெட் என்கிற உப்புச் சதுப்பில், பல செல்கள் பந்து மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரே ஆளா நீந்துகிற காந்த பாக்டீரியா உண்டு. அது குறுகிய அலைநீள வெளிச்சம், அதாவது நீலம், ஊதா, புற ஊதா பட்டா விலகி ஓடுது என்று 2011இல் ஒரு ஆய்வு வந்தது. வெயிலே படாத உயிருக்கு வெயிலைக் கண்டு ஓடத் தெரிய வேண்டிய தேவை இல்லையே. அது தவிர, வெறி பிடிச்ச ஆக்ஸிஜன் வகையறா வெயிலில் மட்டும் பிறக்கிறதில்லை, ஆக்ஸிஜன் எல்லைக்கோட்டில் வாழ்ற யாருக்கும் அது தினப்படித் தொல்லை. புற ஊதா அந்தத் தொல்லையின் உச்சம், அதனால அதைக் காட்டிச் சோதிக்கிறாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லிடணும், இல்லேன்னா நான் திட்டுற தப்பையே நானும் பண்ணினவன் ஆவேன். 2020 வாதம் ஒரு கருதுகோள். 300 கோடி வருஷத்துக்கு முன்னால யாரும் மைக்ராஸ்கோப்போட நின்னு பார்க்கலை. 2013 சோதனை ஒரே ஒரு ரகத்தில், ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நடந்தது. திசை அறிவது பொய் என்றும் யாரும் சொல்லலை, நானும் சொல்லலை. காந்தத்தைக் காட்டினா அது திரும்புது, அதைக் கண்ணால பாக்கலாம். நான் கேட்கிறது, 'திசைக்காகவே செய்யப்பட்டது' என்ற அந்த 'காகவே'யை எடுங்க என்பது மட்டும்தான்.

அந்த 'காகவே' எவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டுப் போகும் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1984 டிசம்பரில் அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பகுதியில் ஒரு விண்கல் கிடைச்சது. எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பேர் ஏஎல்எச் 84001. செவ்வாயிலிருந்து வந்தது. 1996 ஆகஸ்டில் நாசா குழு ஒன்று, இதற்குள்ளே பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று அறிவிச்சது. ஜனாதிபதி கிளின்டனே டி.வி.யில் தோன்றிப் பேசினார். அவங்க காட்டின சாட்சிகளில் ஒண்ணு, கல்லுக்குள்ளே இருந்த நுண்ணிய மேக்னடைட் படிகங்கள். அப்புறம் வந்த கட்டுரைகளில், அதில் சுமார் நாலில் ஒரு பங்கு படிகங்கள், எம்வி-1 என்கிற பூமி பாக்டீரியா செய்யும் படிகம் மாதிரியே இருக்கு என்றார்கள். தூய்மை, அளவு, வடிவம் எல்லாம் ஒத்துப் போகுதாம். இப்படிப்பட்ட படிகத்தை உயிர் மட்டும்தான் செய்யும், ஏன்னா இது திசை அறிய வாகா செதுக்கின மாதிரி இருக்கு என்பது வாதத்தின் உள்ளே ஓடுற நரம்பு. எதிர்த்தரப்பு சும்மா இருக்கலை. இரும்புக் கார்பனேட்டைச் சூடு பண்ணினா உயிரே இல்லாம மேக்னடைட் வரும் என்று செஞ்சு காட்டினாங்க. சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. 2022இல் அதே கல்லில் இருக்கிற கரிமப் பொருள்கள் தண்ணீரும் பாறையும் சேர்ந்த உயிரற்ற வேதிவினையில் உண்டானவை என்று ஒரு குழு காட்டியதோடு உயிர்த் தரப்பு இன்னும் மெலிஞ்சு போச்சு.

இதில் ஒரு வேடிக்கை. எம்வி-1 ஒப்பீட்டுக் கட்டுரையிலும் 2020 விஷமுறிவுக் கட்டுரையிலும் கிர்ஷ்விங்க் பெயர் இருக்கு, டென்னிஸ் பாஸிலின்ஸ்கி பெயரும் இருக்கு. இருபது வருஷத்தில் ஒரே ஆளுங்க படிகத்தைப் பார்க்கிற கோணம் எவ்வளவு விரிஞ்சிருக்கு பாருங்க. அவங்க மாத்திக்கிட்டாங்க. நாம மட்டும் 1980லேயே உட்கார்ந்திருக்கோம்.

செவ்வாய் விஷயத்துக்குப் புற ஊதா எதுக்கு முக்கியம்? அங்கே ஓசோன் கூரை என்று சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை, யூவி-சியே தரையைத் தொடுது. படிகத்தைப் பார்த்து 'இது உயிரின் கைரேகை' என்று சொல்றதா இருந்தா, கதிர் பட்ட உயிரின் கைரேகை எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும். ஒரே ரக பாக்டீரியா, கொஞ்சம் யூவி-பி பட்டதுக்கே படிகத்தின் அளவை மாத்துது. தூய்மை, வடிவம் எல்லாமே இதனால அடிபட்டுப் போகும்னு நான் சொல்ல வரலை. அளவை மட்டும் ஸ்கேல் வச்சு அளந்து தீர்ப்பு எழுத முடியாது என்கிறேன்.

போகட்டும். 'எளிமையா சொன்னாத்தான்யா நம்ம ஆளுங்களுக்குப் புரியும், நீ போட்டுக் குழப்பாதே' என்று சொல்லப் போற நண்பர்களுக்கு இனி வர்றது. உங்களை எனக்குத் தெரியும், உங்க நோக்கம் நல்லது. ஆனா 'நம்ம ஆளுங்க' என்றால் யாரு? பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் அந்த எளிமையை ஒரே கேள்வியில் உடைச்சான். அவனுக்கு மண்ணெண்ணெய் தீப்பெட்டி விஷயம் சொன்னா புரியாதா? எனக்கே புரிஞ்சுது, அவனுக்குப் புரியாதா! எளிமையா சொல்றது வேற, எளிமையா இருக்கிற பாதியை மட்டும் சொல்றது வேற.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. இங்கிலீஷில் ஒருத்தர் அரைகுறையா எழுதினா, பக்கத்திலேயே பத்து பேர் ஒழுங்கா எழுதியிருப்பாங்க. படிக்கிறவன் தாண்டிப் போயிடுவான். தமிழில் இந்த மாதிரி ஒரு விஷயத்தைத் தேடி வர்றவனுக்குக் கிடைக்கப் போறது உங்க பதிவு, என் பதிவு, இன்னும் ஒண்ணோ ரெண்டோ. பதிவை எழுதும்போது 'பொழுதுபோக்குக்குத்தானே' என்று எழுதறோம். படிக்கிறவனுக்கு அதுதான் பாடப்புத்தகம். அவன் நம்பிட்டுப் போயிடறான். திருத்த வேற ஆள் கிடையாது.

மொழிக்குள்ளே மாட்டிக்கிட்ட அறிவு என்ன ஆகும் என்பதற்கும் இந்த பாக்டீரியா வரலாற்றிலேயே உதாரணம் இருக்கு. பிளேக்மோருக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே, 1963இல், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் சால்வதோரே பெல்லினி என்பவர் இதே பாக்டீரியாவைப் பார்த்துட்டார். காந்தத்துக்குத் திரும்புதுன்னும் எழுதிட்டார். எழுதினது இத்தாலிய மொழியில், நிறுவனத்துக்குள்ளே சுற்றின அறிக்கையாக. வெளியே யாருக்கும் தெரியலை. அது ஆங்கிலத்தில் அச்சானது 2009இல்தான். சரியா எழுதின மனுஷன், யாருமே படிக்கலை. நம்ம நிலைமை நேர் எதிர். நாலு பேராவது படிக்கிறாங்க, எழுதறதுதான் பாதி தப்பு.

என் பழைய பதிவை அழிக்கலாமான்னு யோசிச்சேன். வேண்டாம், தப்பு இருந்த இடம் தெரியணும்னு விட்டுட்டேன். தலைப்புக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்திருக்கேன்: திசை அறிவது இந்தப் படிகத்தின் ஒரு வேலை, அதற்கு முன்னால் அது புற ஊதாக் கதிரும் பெராக்சைடும் உண்டாக்கும் சேதத்திலிருந்து தப்பிக்க வந்திருக்கலாம், அது இன்னும் கருதுகோள், திருநெல்வேலிக் கணக்கு கீழே. அந்தக் கணக்கையும் ஃபோர்டலேசா, சால்ட் பாண்ட் எல்லாம் சேர்த்து எழுதிட்டேன். 'இயற்கையை மிஞ்சின இன்ஜினியர் உண்டா' என்று நானே கடைசியில் எழுதியிருந்த வரியைத் தூக்கிட்டேன். என்கிட்டேர்ந்து எடுத்துப் போட்டவங்க யாராவது இருந்தா, இந்தத் திருத்தத்தையும் எடுத்துப் போட்டுக்கோங்க. பேர் போட வேண்டாம்.

அக்கா பையனுக்கு லிங்க் அனுப்பினேன். இப்ப காலேஜ் படிக்கிறான். 'மேட்ச் ஓடுது மாமா, அப்புறம் பாக்கறேன்' என்று பதில் வந்திருக்கு.